மத்தியானத் தட்டு

கப்பலில் தங்கள் அறைக் கதவைத் திறந்த மனாசே, திறந்த வேகத்திலேயே சாத்தினார். உள்ளே இரண்டு கட்டில்களையும் ஒன்றாக இழுத்துப் போட்டு, மேலே ஒரே விரிப்பாக விரித்து, குளியல் துண்டுகளை முறுக்கி இரண்டு அன்னங்கள் செய்து வைத்திருந்தார்கள். இரண்டும் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டிருந்தன. சுற்றிலும் ரோஜா இதழ்கள்.

பின்னால் நடைவழியில் அவருடைய தங்கை லெசியெலி கைப்பையோடு நின்றிருந்தார்.

"என்னண்ணா, உள்ள யாராவது இருக்காங்களா?"

"ரெண்டு பறவை இருக்கு. நீங்க இங்கயே நில்லுங்க தங்கச்சி. நான் விரட்டிட்டுக் கூப்பிடறேன்."

எழுபது வயது மனிதர், மரியாதைக்காக டோங்கா வழக்கப்படி உடுப்பின்மேல் இடுப்பில் கட்டிய பாயோடு உள்ளே போய், கட்டில்களை முடிந்தவரை தள்ளிப் போட்டார். இதழ்களைப் பொறுக்கிச் சட்டைப்பையில் திணித்தார். அன்னங்களின் கழுத்தைப் பிடித்து அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, அறையைக் கவனிக்கும் பிலிப்பைன்ஸ்காரர் ரோடெல் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி வந்து நின்றார்.

"வாழ்த்துகள் சார். எத்தனையாவது கல்யாண நாள்?"

"அவங்க என் தங்கச்சி."

ரோடெலின் சிரிப்பு நின்றது. "மன்னிச்சுடுங்க சார். அதனால என்ன, எங்க வீட்ல அக்கா தங்கச்சி அண்ணன் தம்பி ஏழு பேரும் ஒரே பாய்லதான் உருண்டோம்."

"உங்க வீட்ல நீங்க உருளுங்க. எங்க வீட்ல முடியாது."

எங்கள் டோங்காக்காரர்களில் அண்ணன் தங்கை என்றால் அப்படித்தான். மீசை அரும்பியதும் பையன் வேறு கூரைக்குப் போய்விடுவான். ஒரே அறையில் உறங்குவதில்லை. ஒரே படத்தை உட்கார்ந்து பார்ப்பதில்லை. காதல் கல்யாணம் என்ற பேச்சை அண்ணன் காதுபடத் தங்கையோ, தங்கை காதுபட அண்ணனோ எடுப்பதில்லை. இன்னொன்றும் உண்டு. இளையவளே ஆனாலும் தங்கை ஒரு படி மேல். அவள் வாய்விட்டுக் கேட்டால் அண்ணன் கொடுத்தே ஆகவேண்டும், அது பன்றியானாலும் பாயானாலும் பெற்ற பிள்ளையானாலும் சரி. இல்லை என்று சொல்ல அண்ணனுக்கு வாய் கிடையாது.

இதெல்லாம் ஆக்லாந்தில் பிறந்த பிள்ளைகளுக்குப் பாதி தெரியும். மீதியைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்வார்கள். மனாசே வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், லெசியெலியின் மகள் ஃபூசிதான் இந்தக் கப்பல் பயணத்தைப் பிடித்துக் கொடுத்தாள். ஆக்லாந்தில் ஏறி, தீவு தீவாகச் சுற்றி, மறுபடி ஆக்லாந்திலேயே இறங்குகிற நீண்ட பயணம். மாமாவும் போகட்டும், அம்மாவும் போகட்டும் என்று இருவரையும் ஒரே அறையில் போட்டுவிட்டாள்.

"கட்டில் ரெண்டு இருக்கே மாமா," என்றாள் தொலைபேசியில்.

"கதவு ஒண்ணுதான இருக்கு."

"ஆபீஸ்ல வேற அறை கேளுங்க."

கேட்டாயிற்று. கப்பல் நிரம்பி வழிந்தது. மனாசே ஒன்றும் அலட்டிக்கொள்ளவில்லை. ஆக்லாந்து துறைமுகத்தில் பாதி ஆயுள் இரவுக் காவல் பார்த்தவர் அவர். உட்கார்ந்தபடி தூங்குவது அவருக்குத் தொழில். இந்த மாதிரி எத்தனை கப்பலை வாசலில் உட்கார்ந்தே வழியனுப்பியிருப்பார். மேல்தளத்தில், யாருமே புத்தகம் எடுக்காத படிப்பறையில் அகலமான தோல் நாற்காலி ஒன்றைப் பார்த்தார். கடலைப் பார்த்தாற்போல் கிடந்தது. அதுதான் இனி தன் வீடு என்று முடிவு செய்துகொண்டார்.

தங்கையின் பெட்டியை மட்டும் தானே தூக்கி அறைக்குள் வைத்தார். தோள் இறங்கிப்போகிற கனம்.

"என்ன தங்கச்சி, கல்லா?"

"பாய்ண்ணா. சும்மா, ரெண்டு மூணு நல்ல பாய்."

உல்லாசப் பயணத்துக்கு யாரும் நல்ல பாய் கொண்டுபோவதில்லை. எங்களில் கையால் முடைந்த நல்ல பாய் கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான் பெட்டியைவிட்டு வெளியே வரும். மனாசேக்கு அது தெரியாதா. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் தோளைத் தேய்த்தபடி வெளியே வந்தார்.

கப்பலில் விடிந்ததிலிருந்து அடைகிறவரை சாப்பாடுதான். தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நடந்தால் போதும், வேண்டியதை அள்ளிக்கொள்ளலாம். ஆனாலும் மத்தியானமானால் ரோடெல் ஒரு தட்டோடு படிப்பறைக்கு வந்துவிடுவார். தட்டின்மேல் ஓரத்தில் பூவேலை செய்த மஞ்சள் துணி மூடியிருக்கும்.

"சார் தப்பா நினைக்கக் கூடாது. இந்தச் சாப்பாடு உங்க முதுகுக்குப் பின்னாலதான் இருக்கு. மேடம் அங்கிருந்து எடுத்து, மேல துணியைப் போட்டு, என்கிட்டக் குடுத்து, நான் கப்பலைச் சுத்திக்கிட்டு வந்து உங்ககிட்டத் தரேன்."

"துணியைப் போட்டது யாரு?"

"மேடம்."

"அப்போ அது வேற சாப்பாடு."

மனைவி சுலியாவை அடக்கம் செய்த மறுநாள் ஆரம்பித்த தட்டு அது. ஆக்லாந்தின் மாங்கரே பகுதியில் அண்ணன் வீட்டுக்கும் தங்கை வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். மத்தியானத்தில் வேலிக்கு மேலே அந்த மஞ்சள் துணி தெரியும். தட்டை வாங்கிக்கொண்டு, "வெயில் பரவாயில்லை" என்பார் இவர். "ஆமாம்ணா" என்பார் அவர். சாயங்காலம் மனாசே தட்டைக் கழுவி, துணியை அலசி உலர்த்தி மடித்துத் திரும்பக் கொடுத்துவிடுவார். துணி ஒரு ராத்திரிகூட அவர் வீட்டில் தங்கியதில்லை. நாளைக்குத் தட்டு வரவேண்டும் என்றால் இன்றைக்குத் துணி போயாகவேண்டுமே. சுலியா போன பிறகு அவர் பைத்தியம் பிடிக்காமல் நடமாடியதற்கு அந்தத் தட்டுதான் காரணம். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

போன வருடம் சர்ச் சபைக் கூட்டத்துக்கு டோங்காவின் வவாவுத் தீவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அதில் லிசியாத் என்று ஒருவர். வெனிலாத் தோட்டக்காரர், மனைவியை இழந்தவர், கனத்த குரலில் பாடுவார். கூட்டம் முடிந்து எல்லாரும் ஊர் திரும்பினார்கள். கொஞ்ச நாளில் தட்டில் வரும் இனிப்பு மணக்க ஆரம்பித்தது. தேங்காய்ப்பாகில் மிதக்கும் மாவுருண்டைதான், பிறந்ததிலிருந்து சாப்பிடுகிற பண்டம். ஆனால் இப்போது பாகில் கறுப்புக் கறுப்பாய்ப் பொடிப் புள்ளிகள். கடைச் சீசா வெனிலா இல்லை, காயைக் கீறிச் சுரண்டிப் போட்டது. மனாசே முதல் வாய் வைத்ததுமே எல்லாம் புரிந்துகொண்டார். சபைப் பெண்கள் கூடிப் பேசுவார்கள், இவர் தலை தெரிந்தால் மழையைப் பற்றிப் பேசுவார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஊரே பாடுபட்டது. அந்தச் சோற்றைத் தினமும் சாப்பிட்டவர் இவர்தான்.

அவரும் மறைத்தார். தங்கை போய்விட்டால் வேலிக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள். ஃபூசிக்குச் சமைக்கத் தெரியாது என்பதல்ல விஷயம். அதனால் தெரியாதவராகவே இருந்துவிடலாம் என்று நினைத்தார்.

கப்பல் தாஹிட்டியில் நின்ற அன்று, பப்பெத்தே சந்தையில் எல்லாம் வெளிப்படப் பார்த்தது. வெனிலா விற்கிற தாஹிட்டிப் பெண் ஒருத்தி லெசியெலியின் மூக்கருகே ஒரு காயை நீட்டி, "மோந்து பாருங்கம்மா, இந்த வாசம் எங்கயும் கிடைக்காது," என்றாள்.

லெசியெலி காயை வாங்கி விரலில் சுற்றிப் பார்த்தார். "காயவெச்சது போதலையேம்மா. வேர்க்கவிட்டு, மறுபடி வெயில்ல போட்டு, மறுபடி கம்பளில சுத்தி வைக்கணும். நல்ல காய்னா விரல்ல சுத்தினா தோல் மாதிரி வளையும்."

"அட, தோட்டக்கார வீட்டம்மாவா நீங்க? வீட்டுக்காரர் எந்த ஊரு?"

லெசியெலியின் முகம் காது வரை சிவந்தது. அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை.

"இன்னைக்கு வெயில் ஜாஸ்தி," என்றார் மனாசே.

"ஆமாம்ணா. ரொம்ப ஜாஸ்தி."

வானம் மூடி, தூறல் போட்டுக்கொண்டிருந்தது. விற்கிறவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் காயைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

சமோவா வந்தது. அடுத்த நிறுத்தம் வவாவு. அன்று மத்தியானம் ரோடெல் தட்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"சார், நான் வாயை மூடிட்டு இருக்கணும். ஆனா எனக்கு அந்தப் பழக்கம் இல்ல."

"அது முதல் நாளே தெரிஞ்சுது. சொல்லுங்க."

"மேடம் நெய்யாஃபுல இறங்கிடறதா ஏற்கனவே ஆபீஸ்ல சொல்லி வெச்சிருந்தாங்க. திரும்பி ஏறப் போறதில்லைன்னு. பெட்டி தூக்க என்னைத்தான் கேட்டிருந்தாங்க. இன்னைக்குக் காலையில போய் வேண்டாம், இறங்கலைன்னு சொல்லிட்டாங்க."

நெய்யாஃபு வவாவுவின் துறைமுகம். மனாசே தட்டின் துணியை எடுக்காமல் அதன் ஓரத்துப் பூவைத் தடவிக்கொண்டிருந்தார். "ஏன் வேண்டாமாம்?"

"கேட்டேன் சார். எங்க அண்ணனுக்கு மத்தியானம் யார் தட்டு குடுப்பாங்கன்னாங்க. கப்பல்ல நான் குடுக்கறேன் மேடம்னேன். கப்பலைச் சொல்லலப்பா, அதுக்கப்புறம்னாங்க."

ரோடெல் போன பிறகு மனாசேக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைத்து என்ன பிரயோஜனம். தங்கை எங்கும் போகப் போவதில்லை, தட்டு வரும், வேலி இருக்கும், வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டே இருவரும் கிழடாகி முடித்துவிடலாம். நிம்மதியாகச் சாப்பிட்டார். இனிப்பைக் கடைசியில் எடுத்தார். கப்பல் சமையலறையின் இனிப்பு, சர்க்கரையைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. அதை வாயில் வைத்துக்கொண்டு விழுங்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். சந்தோஷம் போன இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்தது.

லெசியெலி சின்ன வயதில் புருஷனை இழந்தவர். சலவைக்கூடத்தில் நின்று நின்று கால் வீங்கி ஃபூசியை வளர்த்தவர். கேட்டிருந்தால் மனாசே தன் வீட்டையே கொடுத்திருப்பார், கொடுத்தாக வேண்டும். லெசியெலி கேட்டதில்லை. கேட்டால் கிடைத்துவிடும் என்ற ஒரே காரணத்துக்காக வாழ்நாளெல்லாம் கேட்காமலே இருந்த பெண் அவர். இப்போதும் கேட்கமாட்டார். நான் போகட்டுமா என்று அவர் கேட்டால் அது கட்டளை, அண்ணனை அவராகவே தனியே தள்ளிவிட்டதாகும். சரி, நீங்க போங்க என்று இவராகச் சொல்லலாமா என்றால், எங்கே, யாரிடம் என்ற பேச்சு அதற்குள்ளேயே இருக்கிறதே. அதை அண்ணன் வாயால் கேட்டால் தங்கை வெட்கத்தில் செத்துப்போவார்.

மென்றாலும் தொண்டையில் இறங்காத விஷயம். அந்த நாள் முழுக்க மனாசே நாற்காலியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டு இதையே நினைத்தார். கடைசியில் ஒன்று தோன்றியது. தங்கைதானே அண்ணனிடம் கேட்கலாம். அண்ணன் தங்கையிடம் ஒன்றைக் கேட்டதாக அவர் கேள்விப்பட்டதே இல்லை. கேட்கக் கூடாது என்று யாரும் சொன்னதாகவும் ஞாபகம் இல்லை.

வவாவு மலைகள் காலையில் இரண்டு பக்கமும் நெருங்கி வந்தன. மனாசே குளித்து, நல்ல வேட்டி கட்டி, அதன்மேல் இடுப்புப் பாயைச் சுற்றிக்கொண்டு தங்கையின் அறை வாசலுக்கு வந்தார். கதவு திறந்திருந்தது. லெசியெலி கட்டிலில் உட்கார்ந்து கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி திறக்கப்படாமல் முதல் நாள் வைத்த இடத்திலேயே இருந்தது. மனாசே வாசற்படியைத் தாண்டவில்லை.

"தங்கச்சி."

"வாங்கண்ணா. என்ன இவ்வளவு காலையில?"

"எனக்கு ஒண்ணு வேணும்."

லெசியெலி திரும்பிப் பார்த்தார். அறுபத்தாறு வருடத்தில் அண்ணன் இப்படி ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை.

"என்னண்ணா வேணும்?"

"இந்த அறை வேணும். முதுகு போச்சு தங்கச்சி. நாற்காலி எனக்கு ஒத்துக்கல."

"வாட்ச்மேனுக்கு நாற்காலி ஒத்துக்கலையா?"

"வயசாயிடுச்சில்ல. இனிமே எனக்குக் கட்டில்தான் வேணும். இன்னைக்கே வேணும்."

லெசியெலி கையிலிருந்த மஞ்சள் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "அப்போ நான் எங்கண்ணா போறது?"

மனாசே கதவின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நெய்யாஃபு நல்ல ஊருன்னு சொல்றாங்க. மண்ணு நல்ல மண்ணாம். அங்க காயற காய் விரல்ல சுத்தினா தோல் மாதிரி வளையுமாம்."

அதற்கு மேல் அவர் ஒரு சொல் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. லெசியெலி துணியால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அண்ணன் உள்ளே வந்து தேற்ற முடியாது, அதுவும் வழக்கம்தான். வாசலில் நின்றபடியே அவரும் அழுதார்.

"மத்தியானத்துக்கு?" என்றார் தங்கை துணிக்குள்ளிருந்து.

"கப்பல் பூராவும் சோறுதான் தங்கச்சி."

"நான் கப்பலைச் சொல்லல."

"எனக்குத் தெரியும் நீங்க எதைச் சொல்றீங்கன்னு. பெட்டியை நான் தூக்கறேன், வழி விடுங்க."

அப்போதுதான் அவர் படியைத் தாண்டினார்.

கரைக்குப் படகில் போனார்கள். துறையில் லிசியாத் நின்றிருந்தார். லெசியெலி வரப்போவதில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தும் வந்து நின்றிருந்தார். இடுப்பில் இரண்டு ஆள் சுற்றளவுக்கு ஒரு பெரிய பாய், கையில் ஒன்றுமில்லை, கையை எங்கே வைப்பதென்றும் தெரியவில்லை. பெட்டியோடு அண்ணனே இறங்கி வருவதைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"மழை எப்படி?" என்றார் மனாசே.

"வேணுங்கற அளவு பெய்யுதுங்க."

"பூ வெச்சிருக்கா?"

"இந்த வருஷம் நல்லா வெச்சிருக்குங்க."

லெசியெலி தள்ளிப் போய்ச் சந்தைப் பெண்களிடம் சேப்பங்கிழங்கு விலை கேட்பதுபோல் நின்றுகொண்டார். விலை மூன்று முறை சொன்னார்கள், அவர் காதில் ஏறவில்லை. மனாசே பெட்டியை லிசியாத்தின் காலடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோங்க. என் தங்கச்சி யார்கிட்டயும் எதுவும் கேக்க மாட்டாங்க. கேக்கற நிலைமைக்கு விட்டுடாதீங்க."

லிசியாத் தலையாட்டினார். பாட்டுக்காரரின் அந்தக் கனத்த குரல் எங்கோ போய்விட்டிருந்தது. "விடமாட்டேங்க," என்றார் மெதுவாக.

படகுக்குத் திரும்பும்போது மனாசே தங்கையின் பக்கம் பார்த்து, "வெயில் பரவாயில்லை," என்றார்.

"ஆமாம்ணா," என்றார் லெசியெலி. அவ்வளவுதான் பேசினார்கள். படகு நகர்ந்த பிறகும் லெசியெலி அசைத்த கையை இறக்கவில்லை.

கப்பலில் அறை வாசலுக்கு வந்து மனாசே பழக்கத்தில் நின்றுவிட்டார். பிறகு யாரும் இல்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டு உள்ளே போனார். இரண்டு கட்டில்களும் அவர் முதல் நாள் தள்ளிப் போட்ட இடத்திலேயே இருந்தன. ஒன்றில் இத்தனை நாளும் யாரும் படுக்கவில்லை. அதன்மேல் அவருடைய சட்டைகள் துவைத்துத் தேய்த்து அடுக்கியிருந்தன. சட்டையை யார் கொண்டுபோகிறார்கள், யார் கொண்டுவருகிறார்கள் என்று அவர் இதுவரை யோசித்ததில்லை. கப்பலில் எல்லாம் தானே நடக்கும் என்று நினைத்திருந்தார்.

கதவு தட்டப்பட்டது. ரோடெல். கையில் தட்டு, தட்டின்மேல் மஞ்சள் துணி.

"இறங்கறதுக்கு முன்னாடி மேடம் துணியை என்கிட்டக் குடுத்துட்டாங்க. ஆக்லாந்து வர்ற வரைக்கும் தட்டு குடுக்கணும்னு உத்தரவு சார். என்னென்ன வைக்கணும்னும் சொல்லிட்டாங்க. இன்னைக்கு மட்டும் சமையல்காரர்கிட்ட ஒரு பொட்டலம் குடுத்து, இதைக் கீறிப் போடுங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க."

மனாசே துணியை எடுத்தார். பாகில் மாவுருண்டைகள், கறுப்புக் கறுப்பாய்ப் பொடிப் புள்ளிகள். அறை முழுக்க மணந்தது.

"முதுகு எப்படி சார்? இன்னைக்குக் கட்டில்ல நல்லாப் படுங்க."

"முதுகுக்கு என்ன, அது நல்லாத்தான் இருக்கு."

ரோடெலுக்குப் புரியவில்லை. சிரித்துவிட்டுப் போய்விட்டார். மனாசே ஒரு உருண்டை விடாமல் சாப்பிட்டார். தட்டைக் கழுவினார். துணியைத் தொட்டியில் அலசிப் பிழிந்து சன்னல் பக்கம் உலரப் போட்டார். சாயங்காலம் அதை எடுத்து மடித்தபோதுதான் கை நின்றது. திருப்பிக் கொடுக்க வேலி இல்லை.

அலமாரிக்குள் வைக்கப் போனவர் வைக்கவில்லை. மடித்த துணியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு ஃபூசிக்குத் தொலைபேசி போட்டார்.

"உங்கம்மாவோட துணி என்கிட்ட இருக்கு," என்றார். "அதைத் திருப்பிக் குடுக்கணும். வவாவுக்கு அடுத்த கப்பல் எப்போன்னு பாரும்மா. இந்தத் தடவை ஒரு ஆளுக்கு மட்டும் அறை போடு."